ஏழு நாள் பதில் வராத காரணம்

786
ராஜபாளையம்
25.11.1999, வியாழன்

அன்புள்ள அண்ணன் ஜெய்னுலாப்தீனுக்கு, அம்மா அப்ரோஸ் பேகம் சொல்ல ஜெய்னப் எழுதுவது. அஸ்ஸலாமு அலைக்கும். இங்கே அத்தா, அம்மா, நூர்பானு அக்கா, நான் எல்லோரும் அல்லாஹ்வின் கிருபையால் நல்ல சுகம். அந்தப் பாலைவனக் கேம்பில் உங்கள் உடம்பும் மனமும் அப்படியே இருக்க வேண்டும் என்று அம்மா ஐந்து வேளையும் கேட்டுக்கொண்டிருக்கிறார்கள். நேற்றைய மெயிலில், ஏழு நாளாக ஏன் பதில் இல்லை, வீட்டில் என்ன நடந்தது என்று கேட்டிருந்தீர்கள். இங்கிலீஷ் எழுத்தில் தமிழை அடித்து இதையெல்லாம் சொல்லி முடியாது. அதனால் கடிதமாகவே எழுதச் சொன்னார்கள் அம்மா. நடந்ததை நடந்தபடி, கூட்டாமல் குறைக்காமல் எழுதுவேன் என்று முதலிலேயே சொல்லிக்கொள்கிறேன். அம்மாவிடமும் சொன்னேன். "எழுதுட்டி, எம்பிள்ளைகிட்ட எனக்கு என்ன ஒளிவு" என்றார்கள். பாதியில் இந்த வார்த்தையை மாற்றுவார்களோ என்று பார்த்தேன், மாற்றவில்லை.

அக்காவின் நிக்காஹ் தேதியைப் புதன்கிழமை, அதாவது நேற்று, உங்கள் ஆபீஸ் மூடும் இரண்டு மணிக்குள் சொல்ல வேண்டும், இல்லாவிட்டால் ஜனவரி லீவு உங்களோடு வேலை பார்க்கும் வேறு ஒருவருக்குப் போய்விடும், கேம்பில் போனும் கிடையாது, மெயில் ஒன்றுதான் வழி என்று பதினாறாம் தேதி எழுதியிருந்தீர்கள். மறுநாளே தளவாய்புரத்து மாப்பிள்ளை வீட்டார் வந்து, பெருநாள் கழித்து ஜனவரி பதினாறு, ஞாயிறு என்று பேசி முடித்துவிட்டார்கள். அவர்கள் வெற்றிலை போட்டு எழுந்ததும் மழை பிடித்தது. செண்பகத்தோப்பு மலைப் பக்கம் இடித்த இடியில் எங்கள் ஜன்னல் கண்ணாடி அதிர்ந்தது. அம்மா ஓடிப்போய் டி.வி., கம்ப்யூட்டர், மோடம் எல்லாவற்றின் பிளக்கையும் பிடுங்கிவிட்டார்கள். மழை விட்டதும் மெயில் அனுப்பலாம் என்று இருந்தேன். விடிந்து பார்த்தால் ஊரில் பாதித் தெருக்களுக்குப் போன் இல்லை. பூமிக்குள் போகும் கேபிளில் தண்ணீர் இறங்கிவிட்டதாம். அன்றிலிருந்து அக்கா சரியாகச் சாப்பிடவில்லை. "அண்ணன் இல்லாம எனக்கு நிக்காஹ் வேண்டாம், தேதியை மாத்துங்க" என்று அத்தாவிடம் நேரே சொல்லிவிட்டது. அக்கா அத்தாவிடம் அப்படிப் பேசி நான் பார்த்ததில்லை. அத்தா கோபப்படாமல், "மாத்த வேண்டி வராதும்மா, இன்னும் நாள் கெடக்கு" என்றார்கள்.

திங்கட்கிழமை காலை போனுக்கு உயிர் வந்தது. நான் பள்ளிக்கூடத்தில் இருந்தேன். சாயங்காலம் வந்து, புத்தகப் பையைக்கூட இறக்காமல் கம்ப்யூட்டரைப் போட்டேன். மோடம் எண்ணைச் சுழற்றியது, விளக்குகள் மினுங்கின, ஒரு நிமிஷம் கழித்து எதிர்முனையில் பதில் இல்லை என்று திரையில் வந்தது. பதினோரு தடவை போட்டேன், பதினோரு தடவையும் அதே. போனை எடுத்தால் டயல் டோன் இருக்கிறது. அத்தாவின் சைக்கிள் கடைக்குப் போட்டால் மணி அடிக்கிறது. மதுரையிலிருந்து அத்தாவுக்கு ஒரு கால்கூட வந்தது. அப்படியானால் லைன் நன்றாக இருக்கிறது, பழுது மோடத்தில்தான் என்று முடிவு செய்தேன். இது என் முதல் தவறு. நோட்டில் வரிசையாக எழுதிக்கொண்டு, ஒரு தடவைக்கு ஒன்றை மட்டும் மாற்றிப் பார்த்தேன். ஒயரைக் கழற்றித் துடைத்து மாட்டினேன், பாஸ்வேர்டைத் திரும்ப அடித்தேன், பக்கத்து அறை போனைப் பிடுங்கிவிட்டுப் பார்த்தேன். ஒன்றும் நடக்கவில்லை. அத்தா பின்னால் நின்று, "இடி விழுந்து உள்ள கருகியிருக்கும், மோந்து பாரு" என்றார்கள். மோந்து பார்த்தேன், பிளாஸ்டிக் வாசனைதான் வந்தது.

செவ்வாய்க்கிழமை மதியத்துக்கு மேல் லீவு சொல்லிவிட்டு, மோடத்தைத் துண்டில் சுற்றி அத்தாவோடு ஸ்ரீவில்லிபுத்தூர் போனேன். கம்ப்யூட்டர் சென்டர் வைத்திருக்கிற பொன்னுராஜ் அண்ணன் அதைத் தன் கம்ப்யூட்டரில் மாட்டி, ஏதோ கட்டளைகள் அடித்துப் பார்த்தார். மோடம் ஒவ்வொன்றுக்கும் சரி, சரி என்று பதில் சொன்னது. "உங்க மோடம் கல்லு மாதிரி இருக்கு பாய். இங்கேருந்தே அனுப்பிக் குடுத்திருவேன், என் லைன்தான் இன்னும் செத்துக் கெடக்கு" என்றார். நேற்றுக் காலை அத்தா, மதுரைக்கே போய் அனுப்பிவிட்டு வருகிறேன் என்று பஸ் ஏறினார்கள். கிருஷ்ணன்கோவில் பக்கம் ரோட்டில் புளியமரம் விழுந்து கிடக்கிறது என்று பஸ்ஸைத் திருப்பிவிட்டார்கள். பதினொரு மணிக்கு நனைந்த சட்டையோடு திரும்பி வந்து, அத்தா நேரே லைன்மேன் உக்கிரபாண்டி அண்ணனைத் தேடிப் போனார்கள்.

அவர் வரும்போது மணி மூன்று. உங்கள் ஆபீஸ் மூட இங்கே நான்கரை. வாசல் பெட்டியைத் திறந்து, கையில் கொண்டுவந்த போனைக் கம்பியில் கொக்கி போட்டு மாட்டி, "பாப்பா, நீ எப்பவும் போல கம்ப்யூட்டர்ல போடு, நான் இங்க ஒட்டுக் கேக்கேன்" என்றார். போட்டேன். வாசலில் சிரிக்கிற சத்தம் கேட்டது. "ஏ பாய், இங்க வாங்க! உள்ள ஒரு பொம்பளை மூணு பாசையில சொல்லுதா, இந்தப் போன்ல வெளியூர் பேசுற வசதி பூட்டியிருக்குன்னு. எஸ்.டி.டி.யை யாரு பூட்டுனது?" என்றார். அந்தக் குரலை நான் திங்கட்கிழமையே கேட்டிருக்கலாம், அண்ணன். தொழுகை நேரத்தில் மோடம் கீச்சிடுகிறது என்று அதன் சத்தத்தை முழுக்கக் குறைத்து வைத்தது நான்தான். இது என் இரண்டாவது தவறு.

யார் பூட்டியது என்று அத்தா என்னைப் பார்த்தார்கள், நான் அக்காவைப் பார்த்தேன், அக்கா அம்மாவைப் பார்த்தது. அம்மா முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு நின்றார்கள். திங்கட்கிழமை போன் வந்ததும் தெருவே திரண்டு வந்துவிட்டதாம். அஞ்சு நாள் பேச்சையும் ஒரே மூச்சில் பேசினால், நம் வீட்டுக்கு வருகிற கால் எப்படி வரும் என்று அம்மாவுக்குப் பதற்றம். முகத்துக்கு நேரே இல்லை என்று சொல்லவும் அவர்களுக்கு வராது. மூன்று பேர் பேசி முடித்ததும், சென்ற லீவில் நீங்கள் சொல்லிக்கொடுத்தபடி, நீங்கள் பிறந்த வருஷத்தையே ரகசிய எண்ணாகப் போட்டு வெளியூரை மட்டும் பூட்டிவிட்டார்கள். நாலாவதாக வந்த பக்கத்து வீட்டு வெள்ளத்தாய் அக்காவிடம், வெளியூர் லைன் இன்னும் வரவில்லை என்று சொல்லிவிட்டார்கள். எங்களிடம் ஏன் சொல்லவில்லை என்று அத்தா கேட்டதற்கு, "இன்டர்நெட்டு கம்ப்யூட்டருக்குள்ள இருக்குன்னுல நெனச்சேன். அது மதுரைக்குப் போன் போட்டுப் பேசுதுன்னு நான் என்னத்தக் கண்டேன்" என்றார்கள். உக்கிரபாண்டி அண்ணன் விடவில்லை. "தண்ணிக்குள்ள நின்னு கேபிளை ஒட்டுனது நாங்க, பூட்டுப் போட்டது நீங்க, ஏச்சு மட்டும் எங்களுக்கா? காப்பியாவது குடுங்க" என்றார்.

அம்மா பூட்டைத் திறந்தார்கள். நான் டயல் செய்யக் கையை வைத்தேன். "பொறுட்டி" என்று தடுத்துவிட்டு, வெள்ளத்தாய் அக்காவைக் கூப்பிடப் போய்விட்டார்கள். அந்த அக்காவின் மகள் மெட்ராஸில் பிரசவத்துக்கு ஆஸ்பத்திரியில் சேர்ந்திருந்தது எனக்கு அப்போதுதான் தெரியும். பாய் வீட்டிலேயே வெளியூர் வரவில்லை என்றால் எஸ்.டி.டி. பூத்தில் மட்டும் எப்படி வரும் என்று நினைத்து, இரண்டு நாளாக அந்த அக்கா பேசாமலே இருந்திருக்கிறார்கள். மணி மூன்று இருபது. முதலில் மெயில் போகட்டும் அம்மா என்று நான் அழாத குறையாகச் சொன்னேன். அம்மா கேட்கவில்லை. வெள்ளத்தாய் அக்கா வந்ததும் சுற்றி வளைக்காமல், "லைன் அன்னைக்கே வந்திருச்சு வெள்ளத்தாயி. நான்தான் பூட்டி வச்சிட்டு உங்கிட்டப் பொய் சொன்னேன். மொதல்ல நீ பேசு" என்றார்கள். அந்த அக்கா அம்மாவை ஒரு மாதிரி பார்த்துவிட்டுப் போனை வாங்கினார்கள். பேரன் பிறந்து இரண்டு நாளாகிவிட்டதாம். அழுதுகொண்டும் சிரித்துக்கொண்டும் ஒன்பது நிமிஷம் பேசினார்கள். நான் கடிகாரத்தைப் பார்த்தபடி நின்றேன், உண்மையைச் சொன்னால் மனதுக்குள் திட்டிக்கொண்டும் நின்றேன். போனை வைத்ததும், "மதினி, எங்கிட்டயே பூட்டிட்டீகளா? இருங்க, பேரனுக்குப் பூட்டுப்பாண்டின்னு பேரு வைக்கேன்" என்றார்கள். அம்மா அந்த அக்காவின் கையைப் பிடித்துக்கொண்டார்கள்.

அதற்குப் பிறகு இரண்டு தடவை மதுரை எங்கேஜ்டாக இருந்தது. மூன்றாம் தடவை சேர்ந்தது. நான்கு மணிக்கு ஐந்து நிமிஷம் இருக்கும்போது நான் அடித்ததைத்தான் நீங்கள் பார்த்தீர்கள், 'ஜனவரி 16 ஞாயிறு நிக்காஹ், அவசியம் வரவும்' என்று. மஃரிப் தொழுகை முடிந்து திரும்பவும் போட்டேன். மூன்று வரி இருந்தது. 'லீவு கிடைச்சிருச்சு. பத்தாம் தேதி திருவனந்தபுரம் இறங்குறேன். ஏழு நாளா ஏன் பதில் இல்லை?' அக்கா அடுப்படியிலிருந்து மாவுக்கையோடு வந்து, இன்னொரு தரம் படி, இன்னொரு தரம் படி என்று நான்கு தரம் படிக்கச் சொன்னது. பிறகு உட்கார்ந்து ஆறு தோசை சாப்பிட்டது, எண்ணினேன்.

அம்மா இனிமேல் போனைப் பூட்டப் போவதில்லையாம். முடியாது என்றால் முடியாது என்று சொல்லிப் பழகப் போகிறார்களாம். இன்று காலை எதிர் வீட்டிலிருந்து ஒருவர் திருப்பூருக்குப் பேச வேண்டும் என்று வந்தார். அம்மா தொண்டையைச் செருமிக்கொண்டு, "பேசிட்டு, செத்த நேரம் உக்காந்து டீ குடிச்சிட்டுப் போங்க" என்றார்கள். இதையும் எழுதச் சொன்னது அம்மாதான்.

இனி அம்மா சொல்வது. ஏ.சி. காற்று தலையில் படும்படி படுக்க வேண்டாம். போர்வை, சோப்பு என்று பெட்டியை நிரப்ப வேண்டாம், ஆள் வந்தால் போதும். லீவுக்குக் கையெழுத்துப் போட்ட மேனேஜருக்குத் திரும்பும்போது ஸ்ரீவில்லிபுத்தூர் பால்கோவா இரண்டு கிலோ கொண்டுபோக வேண்டும், இப்போதே சொல்லி வைத்துவிடுவார்களாம். நேற்று ராத்திரி மெயிலில் கேட்ட உங்கள் சட்டை அளவை, இந்தக் கடிதம் வரும்வரை அனுப்பாமல் இருந்தால் உடனே அனுப்ப வேண்டும், மறக்க வேண்டாம். உங்கள் வேலையில் பரக்கத்தும், வழியில் பாதுகாப்பும், வீட்டு வாசலில் சிரித்த முகத்தோடு வந்து நிற்கும் நாளும் உங்களுக்குக் கிடைக்க அல்லாஹ் நசீபாக்குவானாக, ஆமீன்.

உன் வரவைப் பார்த்திருக்கும் அம்மா,
அப்ரோஸ் பேகம்
(எழுதியவள்: ஜெய்னப், பத்தாம் வகுப்பு)

சட்டை அளவு வந்திருக்கிறதா என்று இப்போதும் ஒரு தரம் பார்த்தேன், வரவில்லை, அங்கே வியாழனும் வெள்ளியும் ஆபீஸ் லீவு. மலைப் பக்கம் மறுபடி உறுமுகிறது. அம்மா சத்தம் போடுகிறார்கள். மோடத்தின் பிளக்கைப் பிடுங்கிவிட்டேன், விளக்குகள் எல்லாம் அணைந்துவிட்டன.