ஏழாவது மாத்திரை

கலபார்
நைஜீரியா
4 பிப்ரவரி 1974

என் செல்லத் தம்பி எஃபியோமுக்கு,

மூன்று கடிதம் போட்டும் பதில் இல்லை. டாக்டர் ஆவதற்கு முன்பே டாக்டர் திமிர் வந்துவிட்டதா?

எனக்கு ஒரு வினோதம் நடக்கிறது. காலையில் நன்றாகத்தான் இருக்கிறேன். பிற்பகல் மூன்று மணியானால் இமைகள் கவிழ்கின்றன, நாக்கு குழறுகிறது. வெள்ளிக்கிழமை தலைமையாசிரியை பிள்ளைகள் முன்னாலேயே, “என்ன அரித் டீச்சர், மத்தியானமே ஊத்திக்கிட்டு வந்துட்டீங்களா?” என்றார். கள்ளை முகர்ந்துகூடப் பார்க்காதவள் நான்! மார்ச் 28 பிற்பகல் ஆய்வாளர் வருகிறார். அன்றும் குழறினால் வேலை போய்விடும். கை சோர்கிறது, எழுத்து சரிகிறது பார்.

உன் அக்கா
அரித்

*

இபாதான்
13 பிப்ரவரி

அக்கா! அக்கா!

உன் கடிதத்தோடு விடுதி முழுக்க ஓடினேன். முதல் வரி முத்து முத்தாக இருக்கிறது, கடைசி வரி கோழி கிளறியதுபோல் இருக்கிறது! உழைத்தால் சோர்வு, ஓய்ந்தால் தெளிவு. போன வாரம்தான் இதைப் படித்தோம்.

கேள். நரம்பு தசையைத் தொடுவதே இல்லை! நடுவே துளி இடைவெளி. நரம்பின் நுனி அசிட்டைல்கோலின் என்ற சரக்கை உமிழும். தசையிலிருக்கும் ஏற்பிகள் அதைப் பிடித்தால்தான் உன் இமை எழும். மிச்சத்தை ஒரு நொதி வந்து உடனே துடைத்துவிடும். உன் தசையில் ஏற்பிகள் குறைந்திருக்க வேண்டும். இந்த நோய்க்கு அதுதான் காரணம் என்று போன வருஷம்தான் கண்டுபிடித்தார்களாம்! துடைப்பதைத் தடுத்தால் சரக்கு கொஞ்சம் தங்கும், வேலை நடக்கும்.

அப்படித் தடுக்கும் மருந்துகளுக்கெல்லாம் மூத்தது எது தெரியுமா? நம் எசெரே கொட்டை! சூனியக்காரி என்று பழி சுமத்தப்பட்டவர்களுக்கு நம் முன்னோர் கொடுத்த அதே விஷம். பிழைத்தால் நிரபராதி, செத்தால் குற்றவாளி. நீ பயப்படாதே, முதல் வண்டியில் ஏறி வா.

எஃபியோம்

*

கலபார்
20 மார்ச்

தங்கத் தம்பிக்கு,

பத்திரமாக வந்து சேர்ந்தேன். ஊசி போட்ட நிமிடமே என் இமை எழுந்ததும் நீ குதித்தாயே, உன் பேராசிரியரின் மூக்குக்கண்ணாடி தெறித்து விழுந்ததே! வழியெல்லாம் நினைத்து நினைத்துச் சிரித்தேன். எசெரே வகை மாத்திரை என்று நீ கொடுத்ததைத் தினம் மூன்று விழுங்குகிறேன். மூன்று மணிக்கும் வாய் திறந்து பாடுகிறேனடா! ஆய்வாளர் வரட்டும், ஒரு கை பார்க்கிறேன்.

அரித்

*

இபாதான்
2 ஏப்ரல்

அக்கா,

மாமாவின் தந்தி வந்தது. ஒரே மதியத்தில் ஏழு மாத்திரையா? தப்பு என்னுடையது. சரக்கு குறைந்தாலும் சோர்வு, அளவுக்கு மீறித் தேங்கினாலும் ஏற்பிகள் திணறி அதே சோர்வு. பக்கம் பக்கமாகப் பீற்றிக்கொண்டவன் இந்த ஒரு வரியை எழுத மறந்தேன். உன்னைக் கொல்லப் பார்த்த நான் டாக்டராக வேண்டாம். படிப்பை விடுகிறேன். நீ இனி எழுதாவிட்டாலும் நியாயம்தான்.

எஃபியோம்

*

கலபார்
9 ஏப்ரல்

அட முட்டாள் தம்பிக்கு,

நடந்ததைக் கேள். ஆய்வாளர் வரும் பதற்றத்தில் கால் தளர்ந்தது. போதவில்லை என்று இன்னொன்று விழுங்கினேன். மேலும் தளர்ந்தது, மேலும் விழுங்கினேன். அவர் எதிரிலேயே எச்சில் ஒழுக, கண்ணீர் கொட்ட விழுந்தேன். “பாத்தீங்களா சார், நான் சொன்னேன்ல, போதை!” என்றார் தலைமையாசிரியை.

பள்ளிச் சமையற்காரி மா இக்வோ அகப்பையோடு ஓடிவந்தாள். சின்ன வயதில் அந்தக் கொட்டை தின்றவர்களைப் பார்த்தவள் அவள். “வாயை மூடுங்கம்மா! கண்ணு பாப்பா ஊசிமுனையா சுருங்கிக் கெடக்கு. இது கள்ளு இல்ல, எசெரே! தூக்குங்க!” என்று கத்தினாள். ஆய்வாளரின் காரிலேயே ஆஸ்பத்திரி போனோம். எசெரே என்றதும் டாக்டர் விஷமுறிவு ஊசி போட்டார், பிழைத்தேன்.

இப்போது மா இக்வோ சந்தையில் நின்று கூவுகிறாள்: “எசெரே தின்னு எந்திரிச்சு வந்தவ! இனிமே அவ குடிகாரின்னு எவளாவது வாயைத் திறங்க பாப்போம்!” ஒருத்தியும் திறக்கவில்லை. தலைமையாசிரியை மிளகாய் போட்ட மீன் குழம்போடு வந்து, “மன்னிச்சுக்கோம்மா, உனக்கு இனி காலை வகுப்புதான்” என்றார்.

படிப்பை விட்டால் இபாதானுக்கே வந்து காதைத் திருகுவேன். மறந்த அந்த ஒரு வரியை நீ ஜென்மத்துக்கும் மறக்கமாட்டாய். எனக்கு அப்படிப்பட்ட டாக்டர்தான் வேண்டும்.

மணி இப்போது மாலை ஐந்து. கடைசி வரியைப் பார், எங்காவது சரிந்திருக்கிறதா?

உன் அக்கா
அரித்