மூன்று தரம் முடிகிற பாட்டு

அண்ணை,

இன்று காலை மனைவி அலமாரியைக் கவிழ்த்துத் துப்புரவாக்கியபோது, மண்டையோட்டுப் படம் போட்ட கறுப்பு ரீசேட் ஒன்று விழுந்தது. ஒருநாள் மழையில் நனைந்து வந்து எங்கள் வீட்டில் நீங்கள் மாற்றிவிட்டுப் போனது. மணந்து பார்த்தேன். பாதி சாம்பிராணி, பாதி பியர். ஜேர்மனி முழுக்கத் தேடினாலும் அந்த வாசனைக்கு ஒரே ஆள்தான்.

"செத்த மனுசன்ர உடுப்பை மோந்துகொண்டு நிக்கிறியளே!" என்றாள் அவள்.

நம் கோயில் பழைய தொழிற்சாலைக் கொட்டகை ஒன்றில் இருந்தது. சுவருக்கு அந்தப் பக்கம் ஹெவி மெட்டல் குழு ஒன்றின் ஒத்திகை. நீங்கள் கோயில் தவில்காரர். நான் பக்கத்தில் தாளம் தட்டுகிறவன். திருவிழாவன்று அந்தக் குழுவின் பாடகன் கூன்டர் முறைப்பாட்டோடு வந்தான்: சத்தம் தாங்க முடியவில்லையாம். யார் சொல்வது பாருங்கள்! உங்கள் தனித்தவில் முடியும்வரை வாயைத் திறந்தபடி நின்றான். பிறகு முறைப்பாட்டை மறந்து, "எங்கள் டிரம்ஸ்காரன் விட்டுப் போய்விட்டான், வருகிறீர்களா?" என்றான்.

"ஓம், வாறன். வெள்ளிக்கிழமை மட்டும் ஏலாது" என்றீர்கள், ஏதோ கலியாண வீட்டுக்கு அழைத்ததுபோல.

அதுவரை அந்தக் குழுவின் வரலாறு பரிதாபம். முதல் இசைத்தட்டில் எல்லாப் பாட்டும் ரயிலைப் பிடிக்க ஓடுகிற வேகம். இரண்டாவதில் ஒரே காதல் சோகம். கூன்டரின் பெண்சாதி அப்போதுதான் விட்டுப் போனாள் என்பது ஊர்க்கதை, நமக்கேன் அது. மூன்றாவதில் கீபோர்டைப் புகுத்தித் தேவாலயம்போல ஆக்கினார்கள். இருந்த ரசிகர்களும் எழும்பி வீட்டுக்குப் போனார்கள்.

நீங்கள் சேர்ந்த முதல் கச்சேரியில் பாட்டு முடிந்தது. எல்லோரும் நிறுத்தினார்கள், நீங்கள் நிறுத்தவில்லை. தவிலில் தீர்மானத்தை, அந்த முடிவுச் சொற்கட்டை, மூன்று தரம் வாசித்துத்தானே முடிப்பது? அதே முடிவை மறுபடி அடித்தீர்கள். கிற்றார்காரர் பதறியடித்து வந்து சேர்ந்தார்கள். மூன்றாம் தரமும் அப்படியே. சனம் போட்ட கூச்சலில் கூரை அதிர்ந்தது. குழு புதிய கட்டத்துக்குள் நுழைந்துவிட்டதாக ஒரு சஞ்சிகை எழுதியது.

"என்ன கட்டமடாப்பா? மூண்டு தரம் வாசிக்காட்டி, முடிஞ்சுதெண்டு ஆருக்குத் தெரியும்?" என்று சிரித்தீர்கள். அதன்பின் வந்த இசைத்தட்டெல்லாம் அந்த முடிவில்தான் ஓடின.

நீங்கள் போன பிறகு கூன்டர் என்னிடம் வந்தான். புது டிரம்ஸ்காரி அன்யா கெட்டிக்காரி. ஆனால் அந்த முடிவு மட்டும் பிடிபடவில்லையாம். "அவருடைய நினைவுக் கச்சேரியிலேயே அது பிழையாய்ப் போனால், அன்றோடு குழுவைக் கலைக்கிறேன். நீ வந்து பக்கத்தில் நின்று அவளுக்குத் தாளத்தைக் கைகாட்டு" என்றான்.

நானா? "உமக்கும் தாளம் இருக்குத் தம்பி, தவிலோடைதான் சேராது" என்று நீங்களே சான்றிதழ் தந்த ஆளையா?

போன சனிக்கிழமை கறுப்பு உடுத்து, தொந்தியை உள்ளிழுத்துக்கொண்டு, அன்யாவின் பக்கத்தில் நின்றேன். ஒரு தரம். சரி. இரண்டு. கூன்டருக்குக் கண் கலங்கிவிட்டது. மூன்று. அச்சொட்டாக வந்து விழுந்தது. குழு தப்பியது. இனிக் கையை இறக்கவேண்டியதுதான். இறக்கினால் நீங்கள் முடிந்துபோவீர்கள், அண்ணை. கை தானாக மறுபடி எழும்பியது. அன்யா என்னை நம்பி நாலாம் தரமும் அடித்தாள்.

மேடைக்குப் பின்னால் கூன்டர் என்னைக் கட்டிப்பிடித்து, "இதுதான் எங்கள் அடுத்த கட்டம்!" என்றான். வரப்போகிற இசைத்தட்டில் எல்லாமே நாலு தரமாம். கைகாட்ட நான்தான் போகவேண்டும். தவில் தெரிந்தவன் எவனாவது கேட்டால் உங்கள் மானம் போகும். பொறுத்துக்கொள்ளுங்கோ. உங்களை மூன்றோடு நிறுத்த எனக்கு ஏலாது.