நூற்று எழுபத்தோராவது மணி

மார்ச் 4, செவ்வாய்

மேலாளர் பொய் சொல்கிறார். சென்சார் பழுதாகவில்லை.

எங்கள் சோதனைக்கூடத்தில் பஸ் எஞ்சின் பேரிங்குக்கு இருநூறு மணி நேரச் சோதனை. நூற்று எழுபத்தோராவது மணியில் பேரிங்கின் சூடு நாலு டிகிரி ஏறியது. ஏறி, இறங்காமல் நின்றது. பழுதான சென்சார் குதிக்கும், விழும், பூஜ்யம் காட்டும். இது காய்ச்சல் ஏறுவதுபோல மெதுவாக ஏறியது. "சென்சார் கோளாறு, சோதனை தொடரப்பட்டது" என்று அவர் தன் கையாலேயே எழுதினார். எழுதிவிட்டு என்னைப் பார்த்து, "மெஷினே ஓடுது, நீ ஏன்மா நின்னுட்ட?" என்றார்.

முடிவு: தேறியது. கீழே, சோதித்தவர் என்ற இடத்தில் என் கையெழுத்து.

மார்ச் 5, புதன்

அண்ணன் டவுன் பஸ் ஓட்டுகிறவன். டிப்போவில் பழைய எஞ்சின்களைப் பிரித்துப் புது பேரிங் போடுகிறார்களாம். அவன் வண்டிக்குப் போன மாதமே போட்டாயிற்று. "உங்க கம்பெனி சரக்குதான் லேபு. ஏதாச்சும் ஆச்சு, உன்னைத்தான் வந்து பிடிப்பேன்" என்றான். லேபில் வேலை என்பதால் அவனுக்கு நான் லேபு.

போன மாதமே! சோதனை முடிந்தது நேற்று. சரக்கு முன்னால் போய்விட்டது, காகிதம் இப்போதுதான் பின்னால் போகிறது. மொத்தம் அறுபத்துமூன்று வண்டிகள்.

"பேரிங்குன்னா உள்ள குண்டு உருளுமே?" என்று அண்ணி கேட்டாள். இதில் குண்டு இல்லை என்றேன். வளைந்த ஓடு. வெளியே எஃகு, அதன்மேல் செம்புக் கலவை, எல்லாவற்றுக்கும் மேலே தலைமுடியில் பாதிகூட இல்லாத மெல்லிய பூச்சு. எஞ்சினின் தண்டு எண்ணெயில் மிதந்தபடி அதன்மேல் சுற்றும். நிமிஷத்துக்கு ஆயிரம் அடி விழும். வாங்கிக்கொண்டு சும்மா இருப்பதுதான் அதற்கு வேலை.

"அப்ப என்னை மாதிரின்னு சொல்லு" என்றாள் அண்ணி. அண்ணன் தட்டிலிருந்து தலையைத் தூக்கவே இல்லை.

மார்ச் 7, வெள்ளி

சோதனையில் தோற்ற பேரிங் ஓட்டைத்தான் அறுத்துப் பார்ப்போம். தேறியதை யாரும் அறுப்பதில்லை. அது எங்கள் வழக்கம், இத்தனை நாள் அதில் எனக்கும் ஒன்றும் தோன்றவில்லை.

அறுக்கும் மெஷினில் இருப்பவரை எல்லோரும் ரம்பம் என்று கூப்பிடுவோம். மெஷினால் பாதி, பேச்சால் பாதி. இன்று மதியச் சாப்பாட்டு நேரத்தில் தேறிய அந்த பேரிங் ஓட்டை அவரிடம் நீட்டினேன்.

"பாஸானவனுக்கு எதுக்கும்மா போஸ்ட்மார்ட்டம்?"

"சும்மா, என் திருப்திக்கு."

"உன் திருப்திக்கு என் வேலை போயிரும்." சொல்லிக்கொண்டே கிளாம்பில் மாட்டினார். அறுத்து முடிக்கிறவரை பேசவில்லை. அவர் பேசாமல் இருந்ததுதான் எனக்குப் பயமாக இருந்தது.

மார்ச் 10, திங்கள்

பார்த்துவிட்டேன்.

அறுத்த முகத்தை மெருகேற்றி மைக்ராஸ்கோப்பில் வைத்தேன். பூச்சின் மேலிருந்து நூல் மாதிரி ஒரு விரிசல். நேராக இறங்குகிறது. செம்புக் கலவையைத் தாண்டி, எஃகுக்குப் பக்கத்தில் போனதும் திரும்புகிறது. எஃகை அது தொடவில்லை. இரண்டும் ஒட்டியிருக்கும் இடத்தோரமாகவே படுத்து ஊர்கிறது. அந்தப் பக்கத்திலிருந்து இன்னொன்று, இதை நோக்கி. நடுவில் அரை மில்லிமீட்டர் இருக்கலாம். இரண்டும் சந்தித்தால் மேலே இருக்கிற துண்டு பெயர்ந்துவிடும். தண்டு வெறும் எஃகில் உரசும். இறுகும். தண்டையும் பிஸ்டனையும் இணைக்கும் ராடு எஞ்சினை உடைத்துக்கொண்டு வெளியே வரும், சூடான குழாயில் எண்ணெய் கொட்டித் தீப்பிடிக்கும். பஸ் முழுக்க ஆட்கள்.

துண்டை எடுத்துத் துடைத்தேன். மறுபடி வைத்தேன். அப்படியேதான் இருந்தது.

மார்ச் 11, செவ்வாய்

விரிசல் மேற்பரப்பு வரை வந்திருக்கிறது. அப்படியானால் ஓட்டி முடித்ததும் நான் செய்த சாயச் சோதனையில் ஏன் தெரியவில்லை?

சிவப்புச் சாயம் பூசி, பத்து நிமிஷம் காத்திருந்து, துடைத்து, வெள்ளைப் பொடி அடிப்போம். விரிசலுக்குள் தங்கிய சாயம் பொடியில் கசிந்து சிவப்புக் கோடாக வரும். துடைப்பதற்கு ஒரு விதி. துணியை லேசாக நனைத்துத் துடைக்க வேண்டும். ஓட்டின்மேல் நேராக ஸ்ப்ரே அடிக்கக் கூடாது, விரிசலுக்குள் இருக்கும் சாயத்தையும் கழுவிவிடும்.

நான் நேராகத்தான் அடித்தேன். துணியால் துடைத்தால் இளஞ்சிவப்புக் கறை நிற்கிறது, அறிக்கைக்கு எடுக்கும் படம் அசிங்கமாக இருக்கிறது என்று மேலாளர் இரண்டு தடவை திட்டினார். அன்றைக்குப் பளிச்சென்று கழுவினேன். "இதுதான்மா படம்" என்றார். எனக்கு அது பெருமையாகக்கூட இருந்தது —

சூட்டை மறைத்தது அவர். விரிசலை மறைத்தது நான்.

மார்ச் 12, புதன்

மைக்ராஸ்கோப் படத்தை மேலாளரிடம் காட்டினேன். கண்ணாடியைக் கழற்றிவிட்டுப் பார்த்தார், மாட்டிக்கொண்டு பார்த்தார்.

"யார் அறுக்கச் சொன்னது?"

"நான்தான் சார்."

"கழுவினது யாரு?"

"நான்."

"கையெழுத்து?"

"என்னோடதுதான் சார்."

"அப்ப எழுதிக் குடு. நான் சரியா டெஸ்ட் பண்ணலன்னு உன் கையால எழுதிக் குடு, மேல அனுப்பறேன்." கோபமே இல்லை அவருக்கு. ரொம்ப அன்பாகச் சொன்னார்.

மார்ச் 13, வியாழன்

எழுதவில்லை.

மார்ச் 14, வெள்ளி

இன்றும் இல்லை. அனுமதியில்லாமல் அறுத்ததற்காக ரம்பத்துக்கு மெமோ. அவர் என்னைப் பார்த்து, "அழாதம்மா, எனக்கு இது ஏழாவது" என்றார்.

மார்ச் 17, திங்கள்

வேலை போனால் போகட்டும் என்று எல்லோருக்கும் சொல்வேன். என் முறை வந்ததும் வாய் ஒட்டிக்கொண்டது. இவ்வளவுதானா நான்? காலையில் அண்ணன் டியூட்டிக்குக் கிளம்பினால் வாசல்வரை போய் நிற்கிறேன். அவன் திரும்பி வந்து செருப்பைக் கழற்றுகிற வரை மணி பார்த்துக்கொண்டே இருக்கிறேன்.

மார்ச் 18, செவ்வாய்

சாப்பிடும்போது அண்ணன் போகிறபோக்கில் சொன்னான். எஞ்சின் சூடானபின் சிக்னலில் நின்றால் ஆயில் விளக்கு மினுக்குகிறதாம். டிப்போ மெக்கானிக்கிடம் சொன்னானாம். கெட்டியான ஆயில் ஊற்றி அனுப்பிவிட்டார்கள். "இப்ப மினுக்கல" என்றான், சோற்றைப் பிசைந்தபடி.

பேரிங் தேய்ந்து இடைவெளி விழுந்தால் ஆயில் அழுத்தம் குறையும். கெட்டி ஆயில் ஊற்றினால் அழுத்தம் ஏறி விளக்கு அணையும். விளக்கு மட்டும்தான் அணையும்.

எல்லோருமே கழுவித் துடைக்கிறோம்.

மார்ச் 19, புதன்

அண்ணனிடம் எல்லாவற்றையும் சொன்னேன். ஸ்ப்ரே அடித்ததையும்.

"நீயா?" என்றான். அவ்வளவுதான். அடித்திருந்தால் தேவலை.

நாளைக்கு வண்டி எடுக்காதே அண்ணா, லீவு போடு என்றேன். கெஞ்சினேன், அண்ணியும் சேர்ந்து கெஞ்சினாள்.

"நான் எடுக்கலன்னா அதே வண்டிய இன்னொருத்தன் எடுப்பான். அவனுக்கு லேபுல தங்கச்சி இல்ல. நான் எடுத்தாலாவது விளக்கப் பாத்துக்கிட்டே ஓட்டுவேன்."

போய்விட்டான் படுக்க.

மார்ச் 20, வியாழன்

எழுதிவிட்டேன். ஒரு பக்கம். சூடு ஏறியது, சென்சார் நன்றாகத்தான் இருந்தது, நான் விதியை மீறிக் கழுவினேன், விரிசல் இதோ, இந்தத் தொகுதி போட்ட அறுபத்துமூன்று பஸ்களையும் நிறுத்த வேண்டும். தரப்பிரிவுத் தலைவருக்கும் பஸ் கம்பெனிக்கும் அனுப்பினேன். மேலாளருக்கும் ஒரு நகல். ஒளிந்துகொண்டு செய்ததாக இருக்கக் கூடாது.

அனுப்பியதும் தைரியம் வரும் என்று நினைத்தேன். வாந்திதான் வந்தது.

மார்ச் 24, திங்கள்

பதில் இல்லை. என் அடையாள அட்டைக்கு இப்போது சோதனைக்கூடக் கதவு திறப்பதில்லை. ஸ்டோரில் ஒரு நாற்காலி கொடுத்திருக்கிறார்கள், வேலை கொடுக்கவில்லை.

சாயங்காலம் அண்ணன் பஸ்ஸிலேயே ஏறினேன். எஞ்சின் மூடிக்குப் பக்கத்துச் சீட்டு. கடைசி நிறுத்தம் வரை காதை அதிலேயே வைத்திருந்தேன். பக்கத்தில் ஒரு பெரியவர், "மயக்கமாம்மா? சன்னல் பக்கம் வரியா?" என்றார். முப்பது நாற்பது பேர். ஒருத்தர் தூங்குகிறார், ஒருத்தி ஃபோனில் யாரையோ திட்டுகிறாள். இவர்களிடம் எழுந்து நின்று என்ன சொல்வது? சொல்லாமல் இறங்கினேன். அது இன்னும் கேவலம்.

மார்ச் 26, புதன்

அண்ணன் உயிரோடு இருக்கிறான்.

மேம்பாலம் ஏறும்போது தட்டல் சத்தம் கேட்டதாம், விளக்கும் எரிந்ததாம். பாலத்து நடுவிலேயே எஞ்சினை அணைத்துவிட்டான். எல்லோரையும் இறக்கி ஓரமாக நடக்கவிட்டான். பின்னால் அரை மைலுக்கு ஹாரன். ஒருத்தர் அவன் சட்டையைப் பிடித்திருக்கிறார், பொத்தான் இல்லை.

அண்ணி பொத்தான் தைத்துக்கொண்டே அழுகிறாள். அண்ணன் என்னைப் பார்த்து, "கேட்டுச்சு லேபு. டக் டக்னு கேட்டுச்சு" என்றான்.

மார்ச் 28, வெள்ளி

டிப்போ மெக்கானிக் எஞ்சினைத் திறந்திருக்கிறார். கெட்டி ஆயில் ஊற்றிய அதே ஆள். ஆயில் தொட்டியின் அடியில் செம்புச் செதில்கள். பேரிங் ஓட்டைக் கழற்றித் துணியில் சுற்றி அண்ணனிடம் கொடுத்து, "தங்கச்சிகிட்ட குடுங்க" என்றாராம். நடுரோட்டில் வண்டியை நிறுத்தி இடைஞ்சல் செய்ததாக அண்ணனுக்கு வேலைநீக்க நோட்டீஸ். மற்ற வண்டிகள் இன்று காலையும் கிளம்பின.

ஸ்டோரிலிருந்து நேராக மேலாளர் அறைக்குப் போனேன். கதவைத் தட்டவில்லை. துணியைப் பிரித்து மேஜைமேல் வைத்தேன். நகம் அளவுக்கு ஒரு துண்டு பெயர்ந்து, உள்ளே எஃகு தெரிந்தது. அவர் தொடவில்லை. தொலைபேசியை அவர் பக்கம் தள்ளினேன். சன்னலுக்கு வெளியே ஷிப்டு ஆட்களை ஏற்றிக்கொண்டு ஒரு டவுன் பஸ் போனது, இரண்டு பேரும் பார்த்தோம்.

"இன்னும் அறுபத்திரண்டு பஸ் இருக்கு சார். பஸ் கம்பெனிக்கு ஃபோன் போட்டு நிறுத்தச் சொல்லுங்க. இப்பவே, என் எதிர்லயே சொல்லுங்க."