வாடகைக்கு வந்த போலீஸ்

ஆண்டர்சன்பேட்டை,
ஞாயிற்றுக்கிழமை.

அன்பு மகள் வெண்ணிலாவுக்கு அம்மா எழுதுவது. நானும் உன் நைனாவும் இங்கே சுகமாகத்தான் இருக்கிறோம், அவருக்கு மழை பிடித்தால் மூச்சு கொஞ்சம் இழுக்கிறது, வாய்க்கு மட்டும் ஒரு குறையும் இல்லை. நீயும் பிரேமும் அந்தக் குளிரில் வேளைக்குச் சாப்பிட்டு உடம்பைப் பார்த்துக்கொள்கிறீர்கள் என்று நம்புகிறேன். போன் இருக்கும்போது அம்மா ஏன் பேனா எடுத்தாள் என்று யோசிப்பாய். போனில் பேசினால் போலீஸ் கேட்டுவிடும் என்று உன் நைனா பயப்படுகிறார். பயப்படுகிற அளவுக்கு நாங்கள் ஒன்று செய்தும் விட்டோம். கரோலின் ஆன்ட்டி அவள் மகளைப் பார்க்க டப்ளின் வருகிறாள், மிளகாய்த் தூளோடு இதையும் அவள் பையில் வைத்திருக்கிறேன். வந்ததும் அவள் இந்தக் கதையை வேறு மாதிரி சொல்வாள், அவளால்தான் எல்லாரும் தப்பித்தோம் என்பாள், நம்பாதே.

நீ கல்யாணமாகிப் போனபிறகு முன்னறை சும்மாதானே கிடந்தது, அதை ஷைலா என்ற பெண்ணுக்கு வாடகைக்கு விட்டேன். வட கர்நாடகத்தில் கதக் ஊர்ப்பக்கத்துப் பெண், இங்கே போலீஸ் வேலைக்கு வந்திருக்கிறாள். போலீஸ் குவார்ட்டர்ஸில் இடமில்லையாம், வெளியிலும் ஒருவரும் வீடு தரவில்லை, போலீசுக்கு விட்டால் வாடகையும் கேட்க முடியாது காலி பண்ணவும் சொல்ல முடியாது என்கிறார்களாம். பையும் படுக்கையுமாக நம் வாசலில் வந்து நின்றாள். உன் நைனா குதித்தார். மைன்ஸ் ஸ்டிரைக்குல போலீஸ்கிட்ட வாங்கின அடி இன்னும் முதுகுல கீது, அடிச்சவனுக்கே எடம் குடுப்பியா இன்னா என்று கத்தினார். இந்தப் பெண் அப்போது பிறக்கவே இல்லை என்று சொன்னேன், சட்டை அதே சட்டைதானே என்றார். போலீஸ் என்றால் எனக்கும் பெரிய மரியாதை கிடையாது, அண்டா திருட்டுப் போச்சென்று போய்ச் சொன்னால் ஏன் வெளியில் வைத்தாய் என்று நம்மையே அதட்டுகிறவர்கள்தான். ஆனால் இவள் பந்தோபஸ்துக்குப் போகும் இடத்தில் கக்கூஸ் இருக்காதென்று காலையிலிருந்து தண்ணீர் குடிக்காமல் போகிறாள் வெண்ணிலா, அதைப் பார்த்தபிறகு எனக்குக் கோபம் வரவில்லை. ஊருக்கெல்லாம் காவல் நிற்கிறவளுக்கு ஒதுங்க ஒரு இடம் கிடையாது, இது என்ன நியாயம்.

அவள் வந்ததும் நம் லைன் வீடுகள் எல்லாமே திருந்திவிட்டன. சனிக்கிழமையானால் பாட்டை அலறவிடுவாரே லாய்ட் அங்கிள், இப்போது ஜெபம் பண்ணுகிற மாதிரி சன்னமாக வைக்கிறார். ஹெல்மெட் வாங்க மனமில்லை, ஸ்கூட்டரை நம் வாசல்வரை தள்ளிக்கொண்டே வந்து, முனை திரும்பியபிறகுதான் ஸ்டார்ட் பண்ணுகிறார். காலையில் கோழி காணோம், குழாயில் முறை தவறிக் குடம் வைத்துவிட்டாள் என்று கூட்டம் கூடுகிறது. ஷைலா நைட்டியும் வாயில் பிரஷ்ஷுமாகக் கன்னடத்தில் விசாரிப்பாள், உன் நைனா பக்கத்தில் நாற்காலி போட்டுக்கொண்டு தமிழில் தீர்ப்பு சொல்வார். சட்டையே ஆகாது என்றவர் இப்போது கடைத்தெருவில் நம்ம ஊட்டு போலீஸ் என்று பேசிக்கொண்டு திரிகிறார். மீன்காரன் எடையில் கைவைத்தால், ஊட்ல சொல்லட்டா என்கிறாராம். மீன் என்னவோ இப்போது கொஞ்சம் கூடத்தான் வருகிறது.

இப்படி இருக்கும்போதுதான் வீட்டுக்கு வந்தது வினை. நம் தங்கச் சுரங்கக் கம்பெனி வீடுகளை எல்லாம் பார்க்க ஆள் வரப்போகிறது, குடும்பம் மட்டும் குடியிருந்தால் நம் பேரிலேயே எழுதித் தருவார்கள், வாடகைக்கு ஆள் வைத்திருந்தால் வீட்டைப் பிடுங்கிக்கொள்வார்கள் என்று நோட்டீஸ் ஒட்டினார்கள். உன் தாத்தா குடியாத்தத்திலிருந்து வந்து குடியேறின வீடு இது. மனுஷன் பூமிக்குள் இறங்கினவரை வீடு யாருடையது என்று ஒருவரும் கேட்கவில்லை, சுரங்கத்தை மூடினபிறகு மட்டும் எல்லாருக்கும் ஞாபகம் வருகிறது. ஷைலா பாவம், நானே போய்டுறேன் ஆன்ட்டி என்று வேறு இடம் தேட ஆரம்பித்தாள். அடுத்த மாதம் வருவார்கள் என்றுதான் பேச்சு. போன வியாழக்கிழமையே வந்துவிட்டார்கள். யாரும் தகராறு பண்ணக்கூடாதென்று கூடவே ஒரு போலீஸ் வேன். வேனிலிருந்து முதலில் இறங்கினது யார் என்கிறாய், நம் ஷைலாதான். எந்த லைனுக்குப் போகிறோம் என்று அவளுக்குச் சொல்லவே இல்லையாம். லத்தியைப் பிடித்துக்கொண்டு தான் படுக்கிற வீட்டுக்குத் தானே பந்தோபஸ்து நின்றாள்.

கையில் டேப்லெட்டோடு ஒரு சின்ன வயசு ஆபீசர் உள்ளே வந்தான். கொடியில் காக்கிச் சட்டை காய்கிறது, கட்டிலுக்கடியில் பூட்ஸ். இது யாருடையது, வாடகைக்கு ஆள் இருக்கா என்று கேட்டான். உலகத்துக்கே தீர்ப்பு சொல்லும் உன் நைனா கூரையை அண்ணாந்து பார்க்க ஆரம்பித்துவிட்டார். எனக்கு எங்கிருந்து தைரியம் வந்ததோ, எங்க மகளுது சார் என்றேன். மகள் எங்கே என்றான். அதோ, உங்களோடதான் வந்து நிக்குறா என்று வாசலைக் காட்டினேன். அவன் டேப்லெட்டைப் பார்த்தான், இதில் வெண்ணிலா என்று இருக்கிறதே, சட்டையில் ஷைலா என்று இருக்கிறதே என்றான். ஊட்ல வெண்ணிலா சார், வேலைல ஷைலா என்றேன். உடனே லாய்ட் அங்கிள் வேலிக்கு அந்தப் பக்கமிருந்து, அப்டியே அம்மா மூக்கு சார் என்று ஆரம்பித்தார். கரோலின் சிலுவை போட்டுக்கொண்டு, நான்தான் சார் பிரசவம் பார்த்தேன் என்றாள். போதும் என்று கண்ணைக் காட்டினேன், எவருக்கும் தெரியவில்லை. அதற்குள் உன் நைனாவுக்கும் உயிர் வந்துவிட்டது. இன்னாம்மா மரம் மாதிரி நிக்குற, சாருக்குத் தண்ணி கொண்டா என்று அதட்டினார். அந்தப் பெண் தொப்பி பெல்ட் எல்லாவற்றோடும் அடுப்படிக்குப் போய்ச் சொம்பில் தண்ணீர் கொண்டு வந்து கொடுத்தாள். ஆபீசர் சந்தேகமாக, வேனில் கூட வந்த சப்-இன்ஸ்பெக்டரைத் திரும்பிப் பார்த்தான். அவருக்குத்தான் அவள் யார், எந்த ஊர் என்று எல்லாம் தெரியுமே. அவர் மீசையைத் தடவிக்கொண்டு, ஹௌது சார் ஹௌது, ஆமாம் ஆமாம் என்று பலமாகத் தலையாட்டினார். அப்புறம்தான் லாய்ட் அங்கிள் சொன்னார், அந்த மனுஷனே மாரிகுப்பத்தில் ஒரு கம்பெனி வீட்டில் வாடகைக்குத்தான் இருக்கிறாராம்.

டூட்டி முடிந்து வந்ததும் ஷைலா என்னைக் கட்டிக்கொண்டு சிரித்த சிரிப்பில் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. இப்போது என்னை ஆன்ட்டி என்பதில்லை, அவ்வா என்கிறாள், அவர்கள் ஊரில் அம்மாவை அப்படித்தான் கூப்பிடுவார்களாம். இந்த மாத வாடகையைக் கேட்டேன், பெத்தவங்களுக்கு யாராச்சும் வாடகை குடுப்பாங்களா அவ்வா என்கிறாள். உன் நைனாவின் பீடிக் கட்டையும் பறித்து வைத்துக்கொண்டாள், மகள் சொல்லைத் தட்டாதீங்க என்று நானும் சேர்ந்துகொண்டேன்.

இனிமேல்தான் உன் விஷயம். குடும்பத்தையே வாசலில் நிற்கவைத்துப் படம் பிடிக்க மறுபடி வருவார்களாம், மகள் ஆதாரோடு நிற்க வேண்டுமாம். ஷைலாவின் ஆதார் உதவாது, நீதான் வரவேண்டும். அந்த ஆபீசருக்கு ஷைலா முகம் ஞாபகம் இருக்காதா என்றால், யூனிபார்ம் போட்டவ மூஞ்ச எவன் பாத்தான் என்கிறார் உன் நைனா. ஷைலா அன்றைக்கு லீவு போட்டுவிட்டுக் கண்ணுக்குத் தெரியாமல் இருந்துகொள்வாளாம். எனக்கு மட்டும் ஒன்று மனதில் கிடந்து அரிக்கிறது. மகள் எங்கே என்று யார் கேட்டாலும் வெளிநாட்டில் என்று சொல்லியே பழகிப்போன வாய் இது. அன்றைக்கு அதோ என்று கையைக் காட்டினேன். பொய்தான், ஆனாலும் சொன்ன மாத்திரத்தில் எனக்கு அழுகை வந்துவிட்டது, ஆபீசருக்குப் பயந்து அழுகிறேன் என்று எல்லாரும் நினைத்துக்கொண்டார்கள். வீட்டுக்காக வா என்று எழுதத்தான் உட்கார்ந்தேன். வீடு கிடக்கட்டும் வெண்ணிலா, என்னைப் பார்க்க வா.

குளிருகிறதென்று தலைக்குக் குளிக்காமல் இருக்காதே, பிரேமை ராத்திரி ரொட்டியோடு நிறுத்தாமல் சோறு சாப்பிடச் சொல். பௌர்ணமிக்குப் புத்த விகாரத்தில் உங்கள் இருவர் பேரிலும் விளக்கு வைத்தேன், மும்மணிகளின் காவலில் நோய்நொடி இல்லாமல் நிறைவாக வாழுங்கள். மறந்துவிடாதே, யாராவது போன் பண்ணி வெண்ணிலாவா என்று கேட்டால் டூட்டியில் இருக்கிறேன் என்று சொல்லி வைத்துவிடு. நீ நர்ஸ், அது பொய்யும் ஆகாது.

உன் வரவைப் பார்த்திருக்கும் அம்மா,
சுலோச்சனா தம்மபாலன்.