கடையில் வாங்கிய எண்ணெய்

அன்புள்ள அம்மாவுக்கு,

நான் நன்றாகச் சாப்பிடுகிறேன், தூங்குகிறேன். உங்கள் முழங்கால் வலி குறைந்ததா? நம் தவேயுனித் தீவில் மழை நின்றதா?

இங்கே டுவூம்பாவில் கடுங்குளிர். நான் வேலை செய்யும் முதியோர் இல்லத்தில் ஒருவரைத் தொட்டுவிட்டு அடுத்தவரைத் தொடுவதற்கு முன் கை கழுவ வேண்டும். நான் சுடச்சுட வெந்நீரில் பரபரவென்று தேய்த்துக் கழுவியதில் தோல் வெடித்துவிட்டது. பயப்படாதீர்கள், பெரிதாக ஒன்றுமில்லை. ஞாயிறன்று சர்ச்சில் எல்லோரும் கைகொடுக்கும்போது கையைப் பின்னால் மறைத்துக்கொண்டேன். "ஆஸ்திரேலியாவுக்கு வந்ததும் அம்மணிக்குக் கை குடுக்கக்கூட கசக்குதோ?" என்று நம் ஊர் லிதியா எல்லோர் முன்னாலும் கேட்டாள். தலை நிமிர முடியவில்லை.

எங்கள் இல்லத்து நர்ஸ் ஹெலன்தான் என் கையைப் பார்த்தார். "வெதுவெதுப்பான தண்ணி போதும்மா. வாசனையில்லாத சோப்பு போடு. துண்டால தேய்க்காம ஒத்தி எடு" என்றார். பிறகு, நான் கையில் தடவிவந்த, நீங்கள் மொகோசோய் பூப்போட்டுக் காய்ச்சிக் கொடுத்த தேங்காயெண்ணெயை மோந்து பார்த்தார். "இந்த மணம்தான் புண்ணைக் கடிக்குது. யார் குடுத்தா?"

"கடையில வாங்கினேன்" என்று சொல்லிவிட்டேன், அம்மா. வீட்டில் காய்ச்சியது என்று சொல்லக் கூச்சமாக இருந்தது.

இப்போது அவர் சொன்னபடிதான் கழுவுகிறேன், எரிச்சல் இல்லை. பூப்போடாமல் கொஞ்சம் எண்ணெய் அனுப்புங்கள். நீங்கள் இடுப்பில் சுற்றி உடுத்திய சுலு ஒன்றையும் சேர்த்து அனுப்புங்கள். துவைக்க வேண்டாம்.

வேலைக்கு வண்டி வந்துவிட்டது. அந்த எண்ணெய்க் குப்பியில் உங்கள் கையெழுத்தில் 'வசிதிக்கு, அம்மா' என்று இருந்தது. ஹெலன் அன்று அதைப் படித்துவிட்டு, மூடியை இறுக்கி என்னிடம் கொடுத்தார்.

உங்கள் மகள்,
வசிதி