மாப் கேட்டது குற்ற ஒப்புதல் ஆகாது

அனுப்புநர்:
பூ. பேராச்சி (வயது 41),
க/பெ. பூலோகம்,
முறுக்கு வியாபாரம்,
90 அடி ரோடு, தாராவி,
மும்பை – 400 017.

பெறுநர்:
உயர்திரு போக்குவரத்துக் காவல் துணை ஆணையர் அவர்கள்,
மும்பை.

பொருள்: கார்க் கதவு மோதிச் சைக்கிளிலிருந்து விழுந்த என் கணவர் மீதே பழி போட்டு வாங்கப்பட்ட உறுதிமொழியை ரத்து செய்யவும், நாங்கள் சைக்கிளில் சாலையைப் பயன்படுத்தும் உரிமையைக் காக்கவும் வேண்டுதல் – தொடர்பாக.

மதிப்பிற்குரிய ஐயா,

தங்களுக்குத் தமிழ் தெரியும் என்று அறிந்து இம்மனுவைத் தமிழில் எழுதுகிறேன். மராத்தி மொழிபெயர்ப்பை இணைத்துள்ளேன். இதற்கு முன் காவல் நிலைய வாசலில் டைப் அடிப்பவரிடம் சொல்லி எழுதிய இரண்டு மனுக்களிலும் என் கோபத்தை அவர் நீக்கிவிட்டார். இதில் அது இருக்கட்டும் என்று நானே எழுதுகிறேன்.

1. நாங்கள் வீட்டில் முறுக்கு சுட்டுக் கடைகளுக்குப் போடுகிறவர்கள். என் கணவர் பூலோகம் பதினாறு வருடமாகத் தகர டின்களைச் சைக்கிளில் கட்டி, சயான் வழியாகச் செம்பூருக்குக் கொண்டு போகிறார். இதுவரை ஒருவரையும் இடித்ததில்லை.

2. சென்ற மாதம் 18ஆம் தேதி புதன்கிழமை காலை, செம்பூர் மார்க்கெட் அருகே, ‘நோ பார்க்கிங்’ பலகைக்கு நேர் கீழே ஒரு கார் நின்றிருந்தது. என் கணவர் சாலையின் இடது ஓரமாக அதைக் கடக்கும்போது, உள்ளே இருந்த உரிமையாளர் பின்னால் பார்க்காமல் கதவைத் திறந்தார். கதவு மோதிக் கணவர் நடுரோட்டில் விழுந்தார். இடுப்பெலும்பு முறிந்தது. இப்போது பிளேட் வைத்துப் படுக்கையில் இருக்கிறார்.

3. ஐயா, விழுந்தவுடன் என் கணவர் செய்த முதல் காரியம், அந்தக் கார்க்காரரைப் பார்த்து, “மாப் கரோ சேட், கல்தி ஹோ கயா” என்றதுதான். அதாவது, மன்னித்துவிடுங்கள், தப்பு நடந்துவிட்டது என்று. கார்க்காரர் அதைத் தம் போனில் படம் பிடித்தார். அடிபட்டவரைத் தூக்க அவருக்குக் கை வரவில்லை. படம் பிடிக்க வந்தது.

4. அந்தப் படத்தைப் பார்த்த காவல் நிலையத்தார், அவரே தப்பை ஒப்புக்கொண்டுவிட்டார் என்று கூறி, கார்க்காரர் மீது வழக்குப் பதிய மறுத்தனர். என் கணவரைப் பற்றி நான் சொல்கிறேன், கேளுங்கள். அவருக்கு மாப் கேட்பது சைக்கிள் மணி அடிப்பது போல. பஸ் வந்து உரசினாலும் மாப், ரிக்‌ஷா பின்னால் முட்டினாலும் மாப். இந்த ஊரில் சைக்கிள்காரன் முதலில் மாப் கேட்டுவிட வேண்டும். இல்லையென்றால் கன்னத்தில் விழும். அது பயத்தில் வருகிற வார்த்தை, குற்றத்தில் வருகிற வார்த்தை அல்ல. அதை ஒப்புதல் என்று எடுத்தால், தாராவியில் சைக்கிள் மிதிக்கிற அத்தனை பேரையும் உள்ளே தள்ள வேண்டியிருக்கும்.

5. நான் புகார் கொடுக்கப் போனபோது, வண்டி நம்பர் என்ன, லைசென்ஸ் எங்கே என்று ஹவல்தார் கேட்டார். சைக்கிளுக்கு இரண்டும் கிடையாது என்றேன். அப்படியானால் கம்ப்யூட்டரில் ஏற்ற முடியாது என்று சொல்லிவிட்டார். லைசென்ஸ் தேவையில்லாத வண்டிக்கு உரிமையும் இல்லை என்று எந்தச் சட்டத்தில் உள்ளது?

6. நடந்ததைக் கண்ணால் கண்டவர், எதிரே பை தைக்கும் கடை வைத்திருக்கும் கரீம் பாட்சா அண்ணாச்சி. என் கணவரை ஆட்டோவில் ஏற்றி ஆஸ்பத்திரியில் சேர்த்தவரும் அவரே. சாட்சி சொல்லப் போய்த் திரும்பி வந்து, “நான் பாத்தத சொல்லப் போனா, ஓங் கட லைசென்ஸ் எங்கன்னு கேக்காவம்மா” என்று என்னிடம் வருத்தப்பட்டார்.

7. குதிரை கீழே தள்ளியதும் அல்லாமல் குழியும் பறித்ததாம். ஊசி மயக்கத்தில் கிடந்த என் கணவரிடம் காவல் நிலையத்தார் ஆஸ்பத்திரிக்கே வந்து, ‘நானோ என் குடும்பத்தாரோ இனி அந்தச் சாலையில் சைக்கிள் ஓட்ட மாட்டோம்’ என்று மராத்தியில் எழுதிக் கையெழுத்து வாங்கியுள்ளனர். அவர் அதற்கும் நன்றி சொல்லியிருக்கிறார்.

8. கணவர் படுத்துவிட்டதால் இப்போது நான் சைக்கிளில் போகிறேன். டின்களோடு பஸ்ஸில் ஏற்றுவதில்லை. ஆட்டோவில் போனால் விற்பதும் வாடகையும் சரியாகிவிடும். சென்ற வாரம் அதே ஹவல்தார் என்னை மறித்து, அந்த உறுதிமொழியைச் சொல்லி, இரண்டு டயரின் காற்றையும் பிடுங்கிவிட்டார். சயானைத் தாண்டி வீடு வரை உருட்டிக்கொண்டே வந்தேன். அன்று நோ பார்க்கிங் பலகைக்குக் கீழே மூன்று கார்கள் நின்றன. அவற்றில் காற்று நிறைய இருந்தது.

எனவே, மேற்படி உறுதிமொழியை ரத்து செய்யவும், கரீம் பாட்சா அவர்களின் வாக்குமூலத்தைப் பதிந்து கார் உரிமையாளர் மீது வழக்குத் தொடரவும், என்னை மறிக்கக் கூடாது என்று அந்நிலையத்துக்கு உத்தரவிடவும் கேட்டுக்கொள்கிறேன். முடியாது என்றால், சைக்கிளுக்கு மும்பைச் சாலையில் இடமில்லை என்று தங்கள் கையெழுத்தோடு எழுதித் தாருங்கள். வாயால் சொல்லி விரட்டுவது போதும்.

பதில் வரும்வரை நான் அந்தச் சாலையின் இடது ஓரத்தில் போய்க்கொண்டுதான் இருப்பேன். எனக்கும் பயம் இருக்கிறது. ஒன்பதாவது படிக்கும் என் மகள் மாரீஸ்வரி தினமும் வாசல் வரை வந்து, “எம்மா, யாரும் இடிச்சுட்டா மாப் மட்டும் கேட்டுறாதம்மா” என்று சொல்லி அனுப்புகிறாள். பத்திரமாகப் போய் வா என்று சொல்ல வேண்டிய பிள்ளை ஐயா அது.

நியாயம் கேட்டு நிற்கும்,
பூ. பேராச்சி
(கையொப்பம்)

இடம்: தாராவி, மும்பை
நாள்: 16.07.2025

இணைப்பு: மருத்துவமனைச் சான்று, உறுதிமொழியின் நகல், மராத்தி மொழிபெயர்ப்பு.