மின்மினி இல்லாத மரம்

அபாங் ஜம்ரி,

நம் படகுத்துறை விளம்பரப் பலகையை அச்சடிக்கிறவர் பத்து மணிக்கு வருவார். உங்கள் மடிக்கணினியை அவர் கண்ணில் காட்டவே வேண்டாம். மேசை மேல் இருக்கும் பென்டிரைவை மட்டும் கொடுங்கள்.

இருட்டில் நீங்கள் எடுத்த படத்தின் பொடிப் புள்ளிகளை எது சுத்தமாக நீக்கும் என்று மூன்று வாரமாக ஐந்து மென்பொருள்களை மாற்றி மாற்றிப் பார்த்தீர்கள். கடைசியில் தேர்ந்தெடுத்தது எதை? மின்மினிகளையும் புள்ளி என்று துடைத்துப் போட்டதை! பலகையில் 'மின்மினி பார்க்க வாருங்கள்' என்று எழுத்து. படத்தில் ஆற்றோரப் பெரெம்பாங் மரம் மட்டும் வெறுமையாக நிற்கிறது. அக்கரைப் படகுக்காரர்கள், "எங்க படகுல ஏறுங்க, எங்க பக்கம் பூச்சி இருக்கு!" என்று கூவிக் கூவிக் கூப்பிடுவார்கள்.

நேற்று இதைச் சொன்னதற்குக் கட்டிய மனைவியைப் பார்த்து, "படகு ஓட்டுறவளுக்குப் படத்தப் பத்தி என்ன தெரியும்?" என்றீர்கள். தினமும் அந்த மரத்தடியில் படகை நிறுத்துகிறவள் நான். அதில் பூச்சி இருக்கிறதா இல்லையா என்று எனக்குத் தெரியாதா?

அதனால் நீங்கள் கைவைக்காத, கேமராவில் எடுத்தபடியே இருக்கும் ரா படத்தை நானே திறந்து, வெளிச்சத்தை மட்டும் கொஞ்சம் ஏற்றி, பென்டிரைவில் போட்டிருக்கிறேன். புள்ளிகள் இருக்கின்றன. இருந்துவிட்டுப் போகட்டும்.

நாசி லெமாக் சோறு மூடி வைத்திருக்கிறேன். சம்பலில் காரம் அதிகம், கோபத்தில் அரைத்தது.

ரொஹாயு

பி.கு.: அந்த ரா படத்தைப் பார்த்து ஐந்து நிமிடம் அப்படியே உட்கார்ந்துவிட்டேன். நம் ஆறு இவ்வளவு அழகு என்று எனக்கே தெரியாது. நேரில் கேட்டால் இப்படி எழுதவே இல்லை என்பேன்.